காம்பு அறாத தோல்

சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் இடையே கிடக்கும் சமவெளியின் நடுவில் ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கிறது திண்டுக்கல் மலைக்கோட்டை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் அதன்மேல் மதில் எழுப்பினார்; பின்னால் வந்த திருமலை நாயக்கர் அதை வலுப்படுத்தினார். மதுரையைப் பிடிக்க நினைக்கும் மைசூர்ப் படைக்கு இந்தச் சமவெளிதான் வாசல். வாசலைக் காத்தால் வீட்டைக் காக்கலாம் என்பது நாயக்கர்களின் கணக்கு.

1650-களின் பிற்பகுதியில் அந்தக் கணக்குக்குச் சோதனை வந்தது. மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜரின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் நுழைந்தது. பிடிபட்டவர்களைக் கொல்லவில்லை, மூக்கை அறுத்தது. ஆண், பெண், குழந்தை என்று பார்க்கவில்லை. அறுத்த மூக்குகள் மூட்டை மூட்டையாக ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குப் போயின என்று அக்காலத்தில் மதுரை நாட்டில் இருந்த இயேசு சபைப் பாதிரியார்களின் கடிதங்கள் சொல்கின்றன. முதுமையிலும் நோயிலும் இருந்த திருமலை நாயக்கருக்கு இராமநாதபுரம் இரகுநாத சேதுபதி படையோடு வந்து துணை நின்றார். மைசூர்ப் படை திண்டுக்கல் பக்கம் பின்வாங்கியது. பிறகு மதுரைப் படை மைசூர் நாட்டுக்குள் புகுந்து, தான் பட்டதை அங்கிருந்த மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. வரலாற்று நூல்கள் இதை மூக்கறுப்புப் போர் என்று குறிக்கின்றன. ஒரு பக்கம் கொடியவர், மறுபக்கம் நல்லவர் என்று பிரித்துச் சொல்ல அந்தப் போரில் இடமில்லை. இரு தரப்பாரும் எளிய மனிதர்களின் முகத்தைத்தான் அறுத்தார்கள்.

இந்தக் கொடுமையை இன்று நினைவுகூரக் காரணம் உண்டு. அறுக்கும் வழக்கம் இருந்த நாட்டில்தான் அறுபட்டதைத் திரும்பக் கட்டும் கலையும் வளர்ந்தது. அருகிலிருக்கும் தோலை, அதன் இரத்த ஓட்டத்தை அறுக்காமல் திருப்பி, காயத்தை மூடும் கலை அது. மருத்துவர்கள் அப்படித் திருப்பப்படும் தோலை மடல் என்கிறார்கள். அறுவை அரங்கில் ஃபிளாப் என்பதே வழக்கு. மனிதரின் மூக்கில் தொடங்கிய அந்தக் கலை உலகைச் சுற்றி, பன்றிகளின் உடம்பிலும் நாய்களின் உடம்பிலும் சோதிக்கப்பட்டு, இன்று வண்டியில் அடிபட்ட நாயின் காலையும் கட்டி எடுக்கப்பட்ட பூனையின் மார்பையும் மூடும் அளவுக்கு வந்திருக்கிறது. திண்டுக்கல் போன்ற ஒரு மாவட்டத் தலைநகரத்தின் மாட்டாஸ்பத்திரி வரை அது வந்துசேர வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதுதான்.

மூக்கறுப்புப் போருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் இதே கோட்டை மைசூரின் கைக்குப் போனது. 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பவுஜ்தார் என்ற படை ஆளுநராக வந்து, இங்கிருந்தே தன் படைபலத்தைப் பெருக்கிக்கொண்டார். அவர் மகன் திப்பு சுல்தான் காலத்தில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை கோட்டையைப் பிடித்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கம்பெனிக்கே சொந்தமாயிற்று.

அந்தப் போரில் இரு தரப்புப் படைகளும் நடந்தது காளைகளின் கழுத்தில். பீரங்கியை இழுத்தது காளை. அரிசியையும் வெடிமருந்தையும் சுமந்தது காளை. காளைகளை ஓட்டியவர்கள் கூலிக்கு வந்த குடியானவர்கள். அவர்களில் ஒருவர் காவஸ்ஜி என்ற மராத்தியர். ஆங்கிலேயர் படைக்கு மாடு ஓட்டிய அவர் 1792-இல் திப்புவின் படையிடம் சிக்கினார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் அறுத்தார்கள் என்று கம்பெனித் தரப்புப் பதிவு சொல்கிறது. ஏறக்குறைய ஓராண்டு மூக்கில்லாமல் இருந்தபின், புனே அருகே செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்துக் கொடுத்தார். அந்த முகத்தை 1794-இல் ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் வரைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் ஜென்டில்மன்ஸ் மேகசின் இதழ் அந்த முகத்தின் படத்தையும் செய்முறையையும் வெளியிட்டது.

செய்முறை அங்கே துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது. தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்ற பம்பாய் மாகாணத்து மருத்துவர்கள் இருவர் இத்தகைய அறுவையை நேரில் பார்த்தவர்கள். முதலில் மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கு இருந்த இடத்தில் வைத்து மூக்கின் வடிவத்துக்கு வளைக்கிறார்கள். அந்த மெழுகைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிலும் கோடு போடுகிறார்கள். கோட்டின்மேல் கத்தியை ஓட்டி, நெற்றித் தோலை உரித்து எடுக்கிறார்கள். இரண்டு கண்களுக்கும் நடுவே மட்டும் ஒரு சிறு பட்டையை அறுக்காமல் விட்டுவிடுகிறார்கள். உரித்த தோலை அந்தப் பட்டையின்மேலேயே திருப்பி, மூக்கு இருந்த இடத்தின் ஓரங்களைப் புண்ணாக்கி அதில் பொருத்துகிறார்கள். தண்ணீரில் குழைத்த காசுக்கட்டியைத் துணித்துண்டுகளில் தடவி, ஒட்டிய இடத்தின்மேல் ஐந்தாறு அடுக்காக வைக்கிறார்கள். நான்கு நாள் அதைத் தொடுவதில்லை. பிறகு நெய் தோய்த்த துணி. பத்தாம் நாள் வாக்கில் மூக்குத் துவாரம் மூடிக்கொள்ளாமல் இருக்கத் துணித்திரியைச் செருகுகிறார்கள். இருபத்தைந்தாம் நாள் வாக்கில் கண்களுக்கு நடுவே விட்ட பட்டையை வெட்டிச் சீர்செய்கிறார்கள்.

நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகைக்குப் பதியம் போடுகிறவர்களுக்கு இந்தச் செய்கை புரியும். கிளையைத் தாய்ச் செடியிலிருந்து அறுக்காமல் வளைத்து மண்ணில் புதைக்கிறார்கள். அது புது மண்ணில் வேர் பிடிக்கும்வரை தாய்ச் செடிதான் அதற்கு உணவு. வேர் பிடித்தபின்தான் வெட்டுகிறார்கள். காவஸ்ஜியின் நெற்றித் தோலுக்கும் அந்த இருபத்தைந்து நாளும் உயிர் கொடுத்தது கண்களுக்கு நடுவே விட்ட காம்புதான்.

காம்பை அங்கே விட்டது கண்மூடித்தனமான அதிர்ஷ்டம் ஆகாது. புருவத்தின் உள்முனைக்கு மேலே ஏறி நெற்றிக்குப் போகும் சிறு நாளம் ஒன்று உண்டு; காம்புக்குள் ஓடுவது அந்த நாளம். அதைக் காக்கும்வரை மேலே உள்ள தோல் பிழைக்கும். நாளத்தின் பெயர் அந்தச் செங்கல் தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எங்கே வெட்டினால் மூக்கு கறுத்து விழும், எங்கே விட்டால் நிற்கும் என்பது தெரிந்திருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு அது. பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. மூக்கின் அளவுக்கு இலையை வெட்டி, கன்னத்துத் தோலை அந்த அளவில் எடுத்து மூக்கில் பொருத்தி, துவாரங்களில் ஆமணக்குத் தண்டின் குழல்களை வைக்கச் சொல்கிறது அந்த நூல். ஏட்டில் இருந்த அறிவு எப்படிச் செங்கல் சூளைக்காரர் கைக்கு வந்தது, அல்லது அவர்கள் கையிலிருந்து ஏட்டுக்குப் போனதா என்பது தனி ஆராய்ச்சி. 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் அந்த அறிவு சமூகத்தின் கீழ்த்தட்டில் உழைப்பவர்களிடம் உயிரோடு இருந்தது என்பதில் ஐயமில்லை.

நோயாளியின் பெயர் பதிவாகியிருக்கிறது. பார்த்த மருத்துவர்களின் பெயரும், வரைந்த ஓவியரின் பெயரும் பதிவாகியிருக்கின்றன. அறுவை செய்தவரின் பெயர் மட்டும் இல்லை. மருத்துவ வரலாற்றில் இந்தியா உலகுக்குக் கொடுத்த பெருங்கொடைகளில் ஒன்றுக்கு உரியவர் பெயரற்றவர். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஐரோப்பாவுக்கு மூக்குக் கட்டும் முயற்சி புதிதல்ல. போலோன்யா நகரத்து தாலியாகோட்சி 1597-இல் கைத்தோலால் மூக்குக் கட்டும் முறையை நூலாக எழுதினார். அதற்கு நோயாளியின் கையை வாரக்கணக்கில் முகத்தோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். அந்தத் துன்பத்தாலேயே அது வழக்கொழிந்தது. லண்டன் இதழில் இந்திய முறையைப் படித்த ஜோசப் கார்ப்யூ 1814 அக்டோபரில் ஒரு படை அதிகாரிக்கு நெற்றித் தோலால் மூக்குக் கட்டி, 1816-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஈதர் மயக்க மருந்து வருவதற்கு முப்பது ஆண்டுகள் முந்திய காலம் அது. அந்த அதிகாரி விழித்திருந்தே வலியைத் தாங்கினார். காவஸ்ஜியும் அப்படித்தான் தாங்கியிருக்க வேண்டும். நெற்றியிலிருந்து மூக்குக் கட்டும் முறைக்கு இன்றும் உலக நூல்களில் இந்திய முறை என்றே பெயர்.

அதன்பின் வந்த நூறு ஆண்டுகளில் கலை பரவியது. ஏன் சில மடல்கள் பிழைக்கின்றன, சில கறுத்துப்போகின்றன என்ற காரணம் மட்டும் தெளியவில்லை. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக உழைத்த ஹரால்ட் கில்லிஸ் 1917-இல் தோலைக் குழாயாகச் சுருட்டி நகர்த்தும் முறையைக் கையாண்டார். ஆனாலும் மடலின் நீளம் அகலத்தைவிட இத்தனை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்ற வாய்ப்பாட்டைத்தான் மருத்துவர்கள் பல்லாண்டு நம்பியிருந்தார்கள். 1970-இல் ஸ்டூவர்ட் மில்டன் பன்றிகளில் சோதித்து, அந்த வாய்ப்பாடு பிழை என்று காட்டினார். மடலைக் காப்பது அதன் அகலம் இல்லை, அதற்குள் ஓடும் நாளம் என்பது அவர் கண்டது. அடுத்த சில ஆண்டுகளில் கிளாஸ்கோவின் இயன் மெக்கிரகர், தனக்கென்று ஒரு நாளத்தை நடுவே கொண்ட மடலையும், அப்படி எதுவும் இல்லாமல் தோலடிச் சிறுநாளங்களை மட்டும் நம்பியிருக்கும் மடலையும் பிரித்துப் பெயரிட்டார். முன்னதைத் திசை நாள மடல் என்று சொல்லலாம். புனேயின் நெற்றி மடல் அந்த முதல் வகைதான். பெயரற்ற ஒருவர் கையால் அறிந்திருந்ததை அறிவியல் விளக்கிச் சொல்ல ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆயின.

இனி நாய்க்கும் பூனைக்கும் வருவோம்.

மனிதத் தோலுக்கு இரத்தம் பெரும்பாலும் அடியில் உள்ள தசையைத் துளைத்துக்கொண்டு நேர்மேலே வருகிறது. நாய்க்கும் பூனைக்கும் அப்படி இல்லை. அவற்றின் தோல் உடம்போடு இறுக ஒட்டாமல் தளர்ந்து கிடக்கிறது. பிடரியைப் பிடித்துத் தூக்கும்போது கைக்குள் வரும் தோலே இதற்குச் சாட்சி. அந்தத் தளர்ந்த தோலுக்கு நேராக வரும் தனி நாளங்கள் ஒவ்வொரு பகுதியிலும் உண்டு. அவை தோலுக்கு இணையாகப் படுத்த வாக்கில் நெடுந்தூரம் ஓடுகின்றன. ஈ உட்கார்ந்தால் மாடும் நாயும் தோலைச் சிலிர்க்கின்றனவே, அந்தச் சிலிர்ப்பைத் தரும் மெல்லிய தசைப்படலத்தை ஒட்டியே தோலடி நாளவலை இருக்கிறது. ஆகவே நாயின் தோலை உரிக்கும் மருத்துவர் அந்தப் படலத்துக்கும் கீழே கத்தியைச் செலுத்த வேண்டும். படலத்துக்கு மேலே உரித்தால் தோலை அதன் இரத்தத்திலிருந்தே பிரித்ததாகிவிடும்.

நாயின் தோல் நாளங்களை ஹியூஸ், டிரான்ஸ்ஃபீல்டு ஆகிய இருவர் 1959-இல் வரைபடமாக்கினார்கள். அமெரிக்கக் கால்நடை அறுவை மருத்துவர் மைக்கேல் பாவ்லெடிக் 1980, 1981 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் அந்த வரைபடத்தை அறுவைக் கருவியாக்கின. எந்த நாளத்தை நடுவில் வைத்து, உடம்பின் எந்த மேடுகளை அடையாளமாகக் கொண்டு, எத்தனை பெரிய மடலை எடுக்கலாம் என்று அவர் வகுத்தார். தோள்பட்டைக்குப் பின்னால் எழும் நாளத்தை வைத்து எடுக்கும் மடல் முதுகுத் தோலைக் கொண்டுவந்து அக்குளையும் முழங்கையையும் மூடும். கழுத்தோரத்து நாளத்தை வைத்து எடுப்பது தோளையும் கழுத்தையும் மூடும். இடுப்பெலும்புக்கு அருகே எழும் நாளத்தை வைத்து எடுப்பது விலாவையும் தொடையின் வெளிப்புறத்தையும் மூடும். காதுக்குப் பின்னாலுள்ள நாளத்தை நம்பிக் கழுத்துத் தோலை முகத்துக்கே திருப்பலாம்.

இவற்றில் மிகவும் நம்பத்தக்கது அடிவயிற்று மடல். தொடையிடுக்கு வளையத்தின் வழியாக வெளிவரும் நாளத்தோடு, பின்பக்கத்து மூன்று நான்கு பால்காம்புகளும் சேர்ந்த வயிற்றுத் தோலைப் பட்டையாக எடுத்து, தொடைக்கும் முழங்காலுக்கும் திருப்புகிறார்கள். பூனையின் காலில் அது இன்னும் கீழே எட்டும். அப்படிக் குணமான பெண்நாயின் முழங்காலில் பால்காம்புகள் வரிசையாக நிற்கும். பால் சுரப்பும் இடம் மாறித் தொடரக்கூடும் என்பதால் கருப்பையையும் சினைப்பையையும் நீக்கிவிடுவது வழக்கம். முடியும் பழைய இடத்தில் வளர்ந்த திசையிலேயே வளரும். பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கால் மடங்கும், நீளும், ஓடும்.

தோலோடு தசையும் உண்டு. குழிவான காயத்தை நிரப்பவும், எலும்பு தெரியும் இடத்தை மூடவும், மார்புச் சுவரோ வயிற்றுச் சுவரோ ஓட்டையானால் அடைக்கவும் வெறும் தோல் போதாது. மனித உடம்பின் தசைகளை அவற்றுக்கு வரும் நாளங்களின் அமைப்பைக் கொண்டு மேத்ஸும் நஹாயும் 1981-இல் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். அந்தப் பகுப்பு விலங்குகளின் தசைகளையும் எடைபோட வழி தந்தது. முதுகின் அகன்ற தசையை அதன் நாளத்தோடு திருப்பி, கட்டிக்காக விலா எலும்புகள் நீக்கப்பட்ட நாயின் மார்பை மூடலாம். தொடையின் நீண்ட மெல்லிய தசையைத் தொடையிடுக்குக்குக் கொண்டுவரலாம். நெற்றிப்பொட்டுத் தசையைக் கண்குழிக்குத் திருப்பலாம். கிழட்டு ஆண்நாய்களுக்கு ஆசனவாயின் பக்கம் குடல் இறங்கி வீங்கும் நோயில், இடுப்புக்குள் இருக்கும் தசை ஒன்றைத் தூக்கித் தைத்து ஓட்டையை அடைப்பது இன்று உலகெங்கும் வழக்கமான அறுவை. தசை தன்னோடு நிறைய இரத்தத்தைக் கொண்டுவருகிறது. இரத்தத்தோடு நோயெதிர்ப்பும் மருந்தும் வந்துசேர்கின்றன. அதனால்தான் நாட்பட்ட சீழ்ப்புண்கூடத் தசை மடலுக்குப் பணிகிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கொள்கை புதியதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில், தொழுநோயால் விரல் மடங்கிப்போனவர்களுக்கு வேலைசெய்யும் தசையின் தசைநாணை இடம் மாற்றி விரலை மீண்டும் இயங்கவைத்தார். தசையின் நரம்பையும் இரத்தத்தையும் அறுக்காமல் அதன் வேலையை மட்டும் மாற்றிய அறுவை அது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவும், கோவை கங்கா மருத்துவமனையும் சிதைந்த கைகால்களை மடல்களால் மீட்பதில் உலகப் பெயர் பெற்றவை. இயந்திரத்தில் கை போன தொழிலாளியும் சாலை விபத்தில் கால் சிதைந்த இளைஞனும் இன்று அங்கே நம்பிக்கையோடு போகிறார்கள். கால்நடைத் துறையிலும் அடித்தளம் பழையது. வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. 1989-இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாட்டில் இத்துறைக்கென்றே அமைந்த முதல் பல்கலைக்கழகம். திண்டுக்கல்லின் இரு பக்கத்திலும், தேனியிலும் உடுமலைப்பேட்டையிலும், கால்நடை மருத்துவக் கல்லூரிகள் அண்மையில் வந்துவிட்டன.

இந்தப் பக்கத்துக் காயங்களை எண்ணிப் பாருங்கள். நான்குவழிச் சாலைகள் ஊரைச் சூழ்ந்தபின் வண்டியில் அடிபட்டு இழுபடும் நாய்கள் பெருகிவிட்டன. தார் உரசித் தோல் உரிந்து, காலின் எலும்பு வெளியே தெரிகிறது. காட்டோரத் தோட்டங்களில் காட்டுப்பன்றியின் கோரைப்பல் கிழித்த கன்னி, சிப்பிப்பாறை நாய்களின் விலா. கவனிக்காமல் விட்ட புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்து, சதை குடைந்துபோன தெருநாய்களின் கழுத்து. முற்றிப்போன மார்புக் கட்டியோடு கொண்டுவரப்படும் வயதான வளர்ப்பு நாய்கள். கயிறு இறுகிக் கழுத்து அறுந்த ஆட்டுக்குட்டி. வீட்டிலிருப்பவர்கள் டர்பன்டைன் ஊற்றிப் புழுவை வெளியேற்றுகிறார்கள். சீத்தா இலையை அரைத்து வைக்கிறார்கள். அதுவும் வைத்தியம்தான், பல உயிரைக் காத்த வைத்தியம். ஆனால் தோலே இல்லாத இடத்துக்கு எந்த இலையும் தோல் தராது. முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் தோல் இறுக்கமாக இருப்பதால் பெரிய காயங்கள் தாமாக மூட மாதங்கள் ஆகும். மூடினாலும் தழும்பு சுருங்கி மூட்டை மடக்கிப்போடும். அந்த நிலையில் உடையவர் காதில் விழுவது பெரும்பாலும் இரண்டு வார்த்தைகள்: காலை எடுத்துவிடலாம், அல்லது ஊசி போட்டுவிடலாம்.

காலை எடுப்பது சில வேளைகளில் சரியான முடிவே. மூன்று காலில் மகிழ்ச்சியாக ஓடும் நாய்கள் ஏராளம். மடலும் எல்லாப் புண்ணுக்கும் மருந்தாகாது. அழுகல் நீங்கிச் சிவந்த புதுச்சதை வளரும்வரை காத்திருக்க வேண்டும். புற்றுக்கட்டி என்றால் முழுவதும் எடுத்தாயிற்றா என்று உறுதிசெய்தபின்தான் மூட வேண்டும். சிறிய காயத்தை உடம்பே மூடிக்கொள்ளும். மடல் போட்ட பிறகும் கவலை தீராது. காம்பு முறுகினால், தையல் இழுத்துப் பிடித்தால், கட்டு இறுகினால், உள்ளே போன இரத்தம் வெளியே வர வழியின்றித் தேங்கி மடல் ஊதாநிறமாகி நுனி கறுக்கும். முதல் ஐந்தாறு நாள் நிறத்தையும் சூட்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் நீர் கோக்காமல் வடிகுழாய் வைக்க வேண்டும். நாய் நக்காமல் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்ட வேண்டும். இத்தனையையும் செய்ய உடையவரோ காப்பகத்து ஊழியரோ இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் எடைபோட்டபின் கால் எடுக்கும் முடிவுக்கு வருவதில் குறையில்லை. மடல் என்ற வழி இருப்பதே பேச்சில் வராமல் அந்த முடிவு எடுக்கப்படுவதுதான் வருத்தம்.

மனிதருக்கே பிளாஸ்டிக் சர்ஜரி எட்டாத ஊரில் நாய்க்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. என் பதில் வரலாற்றிலிருந்து வருகிறது. மனிதரின் மடலும் விலங்கின் மடலும் என்றுமே இரண்டு தனிக் கணக்குகளாக இருந்ததில்லை. எந்த மடல் பிழைக்கும் என்ற கேள்விக்கு விடை தந்தவை சோதனைச் சாலைப் பன்றிகள். நாய்களும் முயல்களும் எலிகளும் அந்த விடையை விரித்துக் கொடுத்தன. இன்று கங்காவிலோ ஸ்டான்லியிலோ ஒரு விரல் காப்பாற்றப்படும்போது, அந்த விலங்குகளின் உயிரும் அதில் இருக்கிறது. விலங்குகள்மீதான சோதனையைக் கட்டுப்படுத்தும் குழுவுக்கு 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே இடம் வகுத்தது. துன்பத்தைக் குறைப்பது சட்டத்தின் கடமை. அவற்றின் உடம்பிலிருந்து கற்றதை அவற்றின் இனத்துக்குத் திருப்பித் தருவது நம் கடமை. கடன் பட்டவர் வசதி வரும்போது தருகிறேன் என்று தள்ளிக்கொண்டே போவது அறமாகாது.

தெருநாய்களின் கடியும் வெறிநோயும் மக்களை வாட்டும்போது இந்தப் பேச்சு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. கடிபட்டவரின் துயரத்தைச் சிறிதாக்கும் உரிமை யாருக்கும் இல்லை. நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போடும் விதிகள் 2001 முதல் நடப்பில் இருக்கின்றன. 2023-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. அந்த வேலைக்கு வேண்டியது மயக்க மருந்தில் தேர்ந்த, கத்தியில் கை பழகிய மருத்துவர்கள். மடல் அறுவைக்கு வேண்டியதும் அதே கைகள்தான். ஒன்றுக்காகச் செலவிடும் பயிற்சி மற்றதற்கும் உதவும். ஆட்டுக்கும் பசுவுக்கும்கூட அது பயன்படும். கொம்பு குத்திய விலாவும் கிழிந்த மடிக்காம்பும் இந்தச் சமவெளியில் ஒரு குடும்பத்தின் வருமானத்தையே நிறுத்திவிடக் கூடியவை.

திண்டுக்கல் தோலை அறிந்த ஊர். பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் ஆட்டுத்தோலையும் செம்மறித்தோலையும் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையில் பதனிட்ட தலைமுறைகள் இங்கே உண்டு. இரத்தத்தைப் பிரிந்த தோல் என்ன ஆகும் என்பதும், அதற்கு என்ன விலை என்பதும் இவ்வூருக்கு நன்றாகத் தெரியும். இரத்தத்தைப் பிரியாத தோல் என்ன செய்யும் என்ற அறிவும் இங்கே வேரூன்ற வேண்டும்.

அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. காம்போடு திருப்பும் மடலுக்கு நுண்ணோக்கி தேவையில்லை. வெளிநாட்டுக் கருவி தேவையில்லை. நாளம் எங்கே எழுகிறது என்ற அறிவு, உறுதியான மயக்கம், நுண்ணிய தையல், பொறுமையான பின்கவனிப்பு ஆகிய நான்கும் போதும். தேனியிலும் உடுமலையிலும் உள்ள கல்லூரிகள், மாவட்ட மருத்துவமனைகளில் பணிபுரியும் மருத்துவர்களுக்கு இறந்த நாய்களின் உடலில் மடல் எடுத்துப் பழகும் பயிற்சியை ஆண்டுதோறும் நடத்தலாம். மாவட்டத் தலைநகரத்தின் கால்நடை மருத்துவமனையில் இதற்கென ஒரு மருத்துவரும், வாயு மயக்கக் கருவி ஒன்றும், அறுவைக்குப் பின் பத்து நாள் தங்கவைக்கும் சில கூண்டுகளும் இருக்கலாம். உடையவர் இல்லாத விலங்குக்கு மாநகராட்சியும் தொண்டு அமைப்புகளும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்த ஒவ்வொரு அறுவையையும் படத்தோடு பதிவுசெய்ய வேண்டும். பிழைத்த மடலைப் போலவே கறுத்துப்போன மடலையும் பதிய வேண்டும். செய்தவர் பெயரையும் எழுத வேண்டும். உதவிய கூட்டாளியின் பெயரையும் எழுத வேண்டும். கைத்திறன் பெயரின்றி மறைந்துபோவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். அந்த வழக்கம் இங்கே தொடரக் கூடாது.

புனேயின் செங்கல் தொழிலாளியிடம் இருந்தவை மெழுகும் கத்தியும் காசுக்கட்டியும் நெய்யும்தான். மயக்க மருந்து இல்லை, நுண்ணுயிர்க்கொல்லி இல்லை, நாளங்களின் வரைபடம் இல்லை. நம்மிடம் மூன்றும் இருக்கின்றன. சாலையோரத்தில் தோல் உரிந்து கிடக்கும் ஒரு நாய்க்குத் திண்டுக்கல்லிலேயே இந்த வைத்தியம் கிடைக்கவில்லை என்றால், அறிவியல் வளராததைக் காரணமாகச் சொல்ல முடியாது. வளர்ந்த அறிவியலை இங்கே கொண்டுவர நாம் முனையவில்லை என்பதே காரணமாக இருக்கும். அந்தக் காரணத்தை நீக்குவது அரசின் கால்நடைத் துறைக்கும், பல்கலைக்கழகத்துக்கும், இவ்வூர் மக்களுக்கும் முடியாத காரியமே அல்ல.